குதிரைக்கு ஒரு வாத்தியார்

நமது நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு குதிரை வாங்கினார். இந்தக் காலத்தில் இது அவ்வளவு சகஜமான காரியம் அல்ல. கோயம்புத்தூருக்கு வெளியே தென்னந்தோப்பும், தோப்பிலே ஒரு பழைய மாட்டுக் கொட்டகையும் உடையவர்கள், கொட்டகை வெறுமனே கிடக்கிறதே என்று அதில் மோட்டார் வண்டியை நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் உர மூட்டைகளை அடுக்குவார்கள். நமது நண்பருக்கோ பதினாறு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தைப் பருவம் முதற்கொண்டு குதிரைப் பைத்தியம். ஆகவே, தகப்பனாரும் மகளுமாக அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போய், செவலை நிறத்தில் ஒரு மார்வாரிப் பெண் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அதற்கு 'மின்னல்' என்று நாமகரணமும் செய்தார்கள்.

அந்தியூர்ச் சந்தையைப் பார்த்திராத நேயர்கள் ஒருமுறை ஈரோடு ஜில்லாவுக்கு ஆடி மாதத்தில் போய்ப் பார்க்கவேண்டும். மாடுகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்ற கத்தியவார்க் குதிரைகளும், காது நுனிகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும் மார்வாரிக் குதிரைகளும், மட்டக் குதிரைகளும் வரிசையாக நிற்கும். திப்பு சுல்தான் தம் படைக்கு இங்கேதான் குதிரை வாங்கினார் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்றைக்கும் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே குதிரை வாங்குகிறவர் முதலில் பார்ப்பது சுழி. நெற்றியில் எத்தனை, கழுத்தில் எத்தனை, மார்பில் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பார்த்துத்தான் பேரத்துக்கு உட்காருவார்கள். நமது நண்பரும் சுழி பார்க்கத் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட அழைத்துப் போயிருந்தார். பெரியவர் அரை மணி நேரம் பரிசோதித்து, ஒரு தோஷமும் இல்லையென்று தீர்ப்புக் கூறினார். குதிரையின் வாயை மட்டும் யாரும் திறந்து பார்க்கவில்லை. விற்றவர் நாலு வயது என்றார். நாலு வயது என்றே வைத்துக்கொண்டார்கள். ஒரு பையனை ஏற்றி இரண்டு சுற்று ஓட்டியும் காட்டினார். நன்கு பழகிய குதிரை என்று பணத்தை எண்ணிக் கொடுத்தாயிற்று.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் மின்னல் முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு அது வழக்கமாகிவிட்டது. கொட்டகையிலிருந்து வெளியே அழைத்தால் நிற்கும். சேணத்தைக் காட்டினால் நிற்கும். புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் நண்பரின் பெண் அதன் முதுகில் இருக்கும்போதே அப்படி நின்று, அவளைக் கீழே தள்ளிவிட்டது. பெண்ணின் தோளெலும்பு முறிந்தது. தலையில் அடி படாதது அவளுடைய தாயார் செய்த பூஜாபலன் என்றுதான் சொல்லவேண்டும். ஏனென்றால் தலைக்கவசம் என்ற ஒரு சாமான் அந்த வீட்டில் அதுவரையில் ஸ்கூட்டருக்கு மட்டுமே உபயோகப்பட்டு வந்தது.

அன்று மாலையே நண்பரின் மனைவியார் தமது அபிப்பிராயத்தைத் தெரிவித்துவிட்டார். கலியாண ஊர்வலங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடும் ஒருவர் நல்ல விலை கொடுக்கத் தயாராக இருந்தார். மகள் ஒரு கையைத் தூளியில் கட்டிக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். கடைசியில், "தை பிறக்கிற வரைக்கும்தான். அதற்குள்ளே இது ஒழுங்காக நிற்கவேணும், நடக்கவேணும். இல்லாவிட்டால் நானே கயிற்றைப் பிடித்து ஏற்றி அனுப்பிவிடுவேன்" என்று அம்மாள் தவணை கொடுத்தார். அம்மாளின் தவணை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். அந்த வீட்டில் பாங்கித் தவணையாவது தவறலாம்.

இந்தக் கட்டத்தில்தான் வாத்தியார் வந்து சேர்ந்தார். போலீஸ் குதிரைப் படையில் பல வருஷம் இருந்து ஓய்வு பெற்று, இப்போது குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுக் கொடுக்கிறவர். அறுபது வயதைத் தாண்டியவர். எல்லாரும் அவரை 'மாஸ்டர்' என்றே அழைக்கிறார்கள். நண்பர் அவரிடம் ஒரு யோசனை சொன்னார்: குதிரையை மாஸ்டருடைய லாயத்துக்கே அனுப்பிவிடுவது, மூன்று மாதம் கழித்துப் பழகிய குதிரையாகத் திரும்பப் பெற்றுக்கொள்வது. இதற்கு நண்பரிடம் மகத்தான ஆதாரமும் இருந்தது. கிரேக்க தேசத்து ஸெனபோன் என்னும் வீரர், இற்றைக்குச் சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். இளங்குதிரையைப் பழக்கும் வேலையைக் கனவான்கள் தாங்களே செய்யவேண்டாம். அவர்களுக்கு வேறு காரியங்கள் இருக்கின்றன. பிள்ளையைத் தொழில் கற்க ஒருவரிடம் விடுவதுபோல் குதிரையையும் ஒரு பழக்குநரிடம் விட்டு, திரும்பி வரும்போது அதற்கு இன்னின்ன தெரிந்திருக்கவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும் என்பது அவருடைய கட்சி.

மாஸ்டர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, என்கிட்ட விட்டா எனக்குப் பழகிக்குமுங்க. திரும்ப வந்தா உங்க கைதானுங்களே பிடிக்கும்? அனுப்பறதுன்னா வீட்டோட சேர்த்து அனுப்புங்க. இல்லீனா நான் இங்கே வந்து போறேன்" என்றார்.

நமக்கு ஸெனபோனிடம் மரியாதை உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் மாஸ்டர் பக்கமே நியாயம் இருப்பதாகப் படுகிறது. ஸெனபோன் யாருக்காக எழுதினார்? சிறு பிராயத்திலேயே குதிரையேறிப் பழகிய கிரேக்கக் கனவான்களுக்கு. குதிரைக்கு மட்டும் பாடம் போதுமென்றால், ஏறுகிறவருக்கு ஏற்கெனவே பாடம் ஆகியிருக்கவேண்டும். நமது நண்பர் ஏறிப் பழகியதெல்லாம் மோட்டார் வண்டி.

முதல் நாள் மாஸ்டர் வந்தபோது நாமும் அங்கே இருந்தோம். குதிரையின் மேல் தாவி ஏறி, தோப்பைச் சுற்றி நாலு காத தூரம் விரட்டி, நுரை தள்ள நிறுத்துவார் என்று எதிர்பார்த்தோம். நாம் தேசிங்கு ராஜன் கதை கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா? 1714-ம் ஆண்டில் செஞ்சிக்கு வெளியே போரிட்டு மடிந்த அந்த வாலிப ராஜாவைப் பற்றிய கதைப்பாடலில், யாரும் ஏற முடியாத பாராசாரிக் குதிரையை அவன் அடக்கிய இடம் வரும்போது கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சினிமாவிலும் அப்படித்தான்: கதாநாயகன் ஒரு தாவு தாவினால் குதிரை அடங்கிவிடுகிறது. மாஸ்டரோ கொட்டகை வாசலில் ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் சும்மா இருந்தார். குதிரை அவரைப் பார்த்தது, கொள்ளு தின்றது, மறுபடியும் பார்த்தது. பிறகு தானாகவே இரண்டடி முன்னே வந்து அவருடைய தோளை முகர்ந்தது. அவர் எழுந்து, நேர் எதிரே போகாமல் பக்கவாட்டில் தோள் அருகே நின்றார். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு புறத்திலும் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாம் தெரியுமாம். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும், வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. நாம் மனிதரைப் பார்த்துப் பழகியபடி நேர் எதிரே போய் மூஞ்சியைத் தொடுகிறோம். அது திடுக்கிட்டால் திமிர் என்கிறோம்.

பிறகு அவர் வாயைத் திறந்து பார்த்தார். முன்பற்களில் நடு ஜோடி மாத்திரம் விழுந்து முளைத்திருந்தது. அடுத்த ஜோடி இன்னும் பால் பல். நடு ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்தது மூன்றரையிலும், ஓரத்தது நாலரையிலும் மாறும் என்பது குதிரைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆகவே நாலு வயது என்று வாங்கிய குதிரைக்கு மூன்றரைகூட நிறையவில்லை. அதைவிட முக்கியமான விஷயம், வாயின் இரு ஓரங்களிலும் ஆறிய தழும்புகள் இருந்தன. மாஸ்டர் சந்தையில் கொடுத்த கடிவாளத்தைக் கொண்டுவரச் சொன்னார். வாய்க்குள் போகும் இரும்பில் வரிசையாக முட்கள் இருந்தன. அடங்காத குதிரைக்கு இதுதான் மருந்து என்று சொல்லி விற்றார்களாம். இத்தகைய முள் கடிவாளத்தை உபயோகிக்கக் கூடாதென்று நமது நாட்டில் 1965-ம் ஆண்டிலேயே விதி செய்திருக்கிறார்கள். விதி புத்தகத்தில் இருக்கிறது. முள் குதிரையின் வாயில் இருக்கிறது. மாஸ்டர் ஒன்றும் பேசாமல் அதைத் தூக்கிக் கிணற்றில் போட்டார். நண்பர் பிறகு கிணற்றுக்கு ஆள் இறக்கி எடுக்கவேண்டியதாயிற்று என்பது வேறு விஷயம். மோட்டார் பம்பில் சிக்கிக்கொள்ளுமே!

அடுத்தபடியாக, "எப்படி நிக்குதுன்னு காட்டுங்க" என்றார். நண்பர் தலைக்கயிற்றைப் பிடித்து வெளியே இழுத்தார். குதிரை எதிர்ப்பக்கம் இழுத்தது. நண்பர் பலமாக இழுத்தார். குதிரை முன்னங்கால்களைத் தூக்கியது. நண்பர் கயிற்றை விட்டுவிட்டு மூன்று முழம் தள்ளிப் போய் நின்றார். குதிரை கால்களைக் கீழே வைத்து, சாந்தமாகப் புல்லைப் பார்த்தது.

"பார்த்தீங்களா? நல்லாப் படிச்சிருக்குதுங்க" என்றார் மாஸ்டர்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். குதிரை இழுப்பினால் கற்பதில்லை. இழுப்பு நிற்பதனால் கற்கிறது. கயிறு இறுகும்போது அதற்கு அசௌகரியம். எதைச் செய்தபோது அந்த அசௌகரியம் நீங்கிற்றோ அதுவே சரியான விடை என்று அது மனத்தில் பதித்துக்கொள்ளும். இந்த வீட்டில் அது பல தினுசாக முயன்று பார்த்திருக்கிறது. ஓர் அடி முன்னால் வைத்துப் பார்த்தது, கயிறு தளரவில்லை, இன்னும் வா என்று இழுத்தார்கள். நின்று பார்த்தது, அப்போதும் தளரவில்லை. ஒரு நாள் பயத்தில் முன்னங்கால்களைத் தூக்கிற்று. உடனே கயிறு கையைவிட்டுப் போயிற்று. அதுதான் விடை! அன்றிலிருந்து கேள்வி கேட்கும்போதெல்லாம் அந்த விடையைத் தவறாமல் ஒப்பிக்கிறது. தகப்பனாரும் மகளும் தங்களை அறியாமலே ஒரு மாதம் கஷ்டப்பட்டு, குதிரைக்கு நிமிர்ந்து நிற்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

நண்பரின் மனைவியார் சமையலறை ஜன்னல் வழியாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நமக்குச் சந்தேகம்.

பிறகு மாஸ்டர் கயிற்றை எடுத்தார். இழுக்கவில்லை, கயிறு மெல்ல இறுகும்படி பிடித்தார், அவ்வளவுதான். குதிரை பின்வாங்கியபோது அவரும் கூடவே போனார். ஆனால் இறுக்கம் அப்படியே இருந்தது. குதிரை தலையைத் தூக்கிற்று. அவர் கை அசையவில்லை. கடைசியில் அதன் எடை ஒரு முன்னங்காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறியது. அடி எடுத்து வைக்கக்கூட இல்லை, சாய்ந்தது, அவ்வளவே. அந்தக் கணமே கயிறு துவண்டு தொங்கிற்று. மறுபடியும் பிடித்தார், சாய்ந்தது, விட்டார். ஆறாவது முறை ஓர் அடி வந்தது. பத்தாவது முறை மூன்று அடி வந்தது. இருபது நிமிஷத்தில் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. "போதுமுங்க" என்று நிறுத்திவிட்டார்.

மறுநாள் முதல் அதையே நண்பரும் மகளும் செய்யவேண்டும் என்பது கட்டளை. மகளுக்கு ஒரு கைதான்; ஆயினும் அவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். "அம்மிணி, விடுங்க... இப்ப விடுங்க... ரெண்டு எண்ணிப் போச்சுங்க" என்று மாஸ்டர் கூடைமேல் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டிருப்பாராம். இரண்டு நொடி தாமதித்தால் அதற்குள் குதிரை வேறு எதையோ செய்திருக்கும். விடை தப்பாகப் பதிந்துவிடும். மகள் ஒரு வாரத்தில் அரை நொடிக்கு வந்துவிட்டாள். நண்பர் மட்டும், பாவம், கயிற்றை விடுவதற்கு முன்னால் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புகிறார். வாழ்நாளெல்லாம் கணக்குத் தணிக்கை செய்தவர். அந்தக் கை சட்டென்று விடாது.

நாம் கையாலும் வாயாலும் சொல்வதைக் காட்டிலும் உடம்பால் சொல்வதையே குதிரை அதிகமாகக் கவனிக்கிறது என்பதற்கு ஒரு பிரசித்தமான வழக்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கூட்டல், கழித்தல் கேட்டால் குளம்பினால் தட்டி விடை சொல்லும். 1904-ல் ஒரு நிபுணர் குழு கூடி, மோசடி ஒன்றும் இல்லையென்று கூறிவிட்டது. பிறகு ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாகச் சோதித்து, 1907-ல் உண்மையை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. கேட்பவரைப் பார்க்க முடியாமல் மறைத்துவிட்டாலும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை அவர் அறியாமலே மயிரிழை அசைகிறது. ஹான்ஸ் அதைக் கண்டு தட்டுவதை நிறுத்திவிடுகிறது! வாத்தியார் இதைக் கடைசிவரையில் ஒப்புக்கொள்ளவில்லையாம். தாம் கற்பித்தது கணக்கு அல்ல என்று எந்த வாத்தியார்தான் ஒப்புக்கொள்வார்? நமக்கு இதிலிருந்து தெரிவது என்னவென்றால், நண்பர் கொட்டகைக்குள் நுழையும்போதே அவர் நெஞ்சு பதைப்பது மின்னலுக்குத் தெரிந்திருக்கும். மனிதர் பயப்படுகிறார், ஆகவே பயப்படவேண்டிய ஏதோ பக்கத்தில் இருக்கிறது என்று அதுவும் காதை நிமிர்த்திக்கொள்ளும்.

குதிரை விஷயத்தில் நமது நாட்டுப் பெருமையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்கக்கூடாது. அர்த்தசாஸ்திரத்தில் அசுவாத்தியக்ஷனைப் பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறது. தீனி எவ்வளவு, லாயம் எப்படி, நடைகள் எத்தனை, பழக்குகிற ஆசிரியர் என்ன செய்யவேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருப்பது அவ்வளவு இனிப்பாக இல்லை. அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து வருஷந்தோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைப் பெரும் விலைக்கு வாங்குகிறார்களாம். பராமரிக்கத் தெரியாமல் வருஷ முடிவுக்குள் பெரும்பாலானவற்றைச் சாகவிட்டு, மறுபடியும் வாங்குகிறார்களாம். வந்தவர் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம். முழுவதும் பொய் என்று தள்ளிவிட நமக்குத் தைரியம் இல்லை. பின்னால் வெள்ளைக்காரர் காலத்தில் படைக்கு வேண்டிய குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கின. நியூ ஸௌத் வேல்ஸ் என்ற பெயரை ஒட்டி அவற்றுக்கு 'வேலர்' என்று பெயர். மார்வாரிக் குதிரை கவனிப்பாரற்றுக் க்ஷீணித்தது. சமஸ்தானங்கள் போனபின் இன்னும் க்ஷீணித்தது. இன்று அதைத் தேடி வாங்குகிறார்கள் என்பது சந்தோஷமே. வாங்கியபின் முள் கடிவாளத்தை மாட்டினால் சந்தோஷம் பாதியாகிறது.

மார்கழியில் இரண்டாம் முறை போயிருந்தோம். மாஸ்டர் இன்னும் ஏறவில்லை. "நான் எண்பது கிலோ இருக்கிறேனுங்க. இது முந்நூறு தேறும். அஞ்சிலே ஒரு பங்குக்கு மேலே ஏத்தக்கூடாது" என்றார். கால் எலும்புகள் முதலில் முற்றினாலும், முதுகெலும்பு முற்றி முடிய ஐந்து ஆறு வயதாகுமாம். பளு சுமக்கும் இடம்தான் கடைசியில் முற்றுகிறது என்று அறிந்தபோது நமக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆகவே கோணிச் சாக்கு, குடை, அசையும் பிளாஸ்டிக் தாள், பால்காரருடைய மோட்டார் சைக்கிள் ஆகியவையே அந்த இரண்டு மாதத்துப் பாடங்கள். இடப்பக்கம் குடையைக் கண்டு பயம் தெளிந்த குதிரை, அதே குடை வலப்பக்கம் வந்தால் புதிதாகப் பயப்படும்; எல்லாப் பாடமும் இரண்டு முறை நடத்தவேண்டும். நீண்ட கயிற்றில் வட்டமாகச் சுற்றவிடுவது பத்து நிமிஷத்துக்கு மேல் இல்லை. இளங்கால்களுக்கு வட்டம் நல்லதல்ல. பிறகு சேணம், அங்கவடி கட்டாமல். பிறகு, முள் இல்லாத மழமழப்பான கடிவாளம். அதை வாயில் வாங்கிக்கொள்ள மட்டும் ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் மாஸ்டர் இரும்பை முதலில் தமது உள்ளங்கையில் வைத்துச் சூடு பண்ணிவிட்டுத்தான் கொடுத்தார். மார்கழிக் குளிர் அல்லவா?

நண்பர் தினந்தோறும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படியே போனால் தை வந்துவிடுமே, மாஸ்டர்!" என்றார்.

"தை அதுபாட்டுக்கு வருமுங்க" என்றார் மாஸ்டர்.

மாட்டுப் பொங்கலன்று நம்மையும் அழைத்திருந்தார்கள். மாடுகள் இல்லாமற் போன கொட்டகையில் குதிரைக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, பொங்கல் வைத்திருந்தார்கள். தோளெலும்பு கூடிவிட்டதென்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் தலைக்கவசம் அணிந்து, முதலில் சேணத்தின் குறுக்கே வயிற்றை அழுத்தித் தொங்கினாள்; இறங்கினாள். மறுபடியும் தொங்கினாள். மூன்றாம் முறை காலைப் போட்டு உட்கார்ந்தாள். மாஸ்டர் தலைப்பக்கம் கயிற்றைத் தளரப் பிடித்து நின்றார். குதிரை நடந்தது.

பாதி வட்டம் போனபோது பக்கத்துத் தோட்டத்தில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். மின்னலின் தலை மேலே எழுந்தது. அம்மாள் அடுக்களைப் படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையிலிருந்த தாம்பாளம் சத்தமிட்டதை நாம் கேட்டோம். மகளின் கைகள் கடிவாளத்தை இறுக்கவில்லை. ஒரு கையைக் கழுத்தில் வைத்தாள்; மூச்சை விட்டாள். குதிரை இரண்டடி பக்கமாக ஒதுங்கி, நாலு கால்களையும் ஊன்றி நின்று, சத்தம் வந்த திசையைப் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்திற்று. மகள் குதிகாலை மெல்லத் தொட்டாள். அது மீதிப் பாதி வட்டத்தையும் நடந்து முடித்தது.

அம்மாள் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு அருகே வந்தார். குதிரையை ஒரு பார்வை, மகளை ஒரு பார்வை பார்த்தார். "அந்தக் கலியாணக் குதிரைக்காரருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், ஆடி வரைக்கும் பார்க்கலாம் என்று" எனக் கணவரிடம் சொல்லிவிட்டு, தாம்பாளத்திலிருந்த வெல்லத்தைக் குதிரையிடம் நீட்டப் போனார். "கையிலே வேண்டாமுங்க, கடிக்கப் பழகும்; கூடையிலே போடுங்க" என்றார் மாஸ்டர். அம்மாள் கூடையில் போட்டார்.

நண்பருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இன்னும் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். மாஸ்டர் அதற்குள் மகளை இறக்கிவிட்டு, சேணத்தின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.